திருப்பிப் போட்ட தகடு

அவன் ஜெயித்தவை இவை. பின்பக்க ஜன்னலை ஒட்டி ஒரு மேசை. அந்த மேசையின் இழுப்பறைக்கு ஒரு சாவி. இரும்புத் தாங்கியில் ஆடாமல் அசையாமல் நிற்கும் ஒரு டிரில்; கடையில் அவனைத் தவிர வேறு யாரும் அதில் கை வைப்பதில்லை. 'பெட்டிக்காரர்' என்று தெருவே கூப்பிடுகிற ஒரு பட்டம். மாமா ஆசையாக வாங்கிப் போட்ட நீல நாற்காலியில் ஒரு நாள்கூட உட்காராமல் தப்பித்தது. கடைசியாக, ஒரு கையெழுத்து.

இதெல்லாம் ஒரு பெருமையா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். ஒரு டம்ளர் தண்ணீரைத் தளும்பாமல் வாய்வரை கொண்டுபோக முடியாதவன் ஜெயித்தவை இவை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பாள் அவனுடைய அக்கா.

கை நடுக்கம் அவனுக்கு அக்காவைப் போலவே கூடப் பிறந்தது. வலது கை, இடது கை என்ற பேதம் அதற்குக் கிடையாது. சும்மா மடியில் கிடக்கும்போது கைகள் சாதுவாக இருக்கும். எதையாவது எடுக்கப் போனால்தான் ஆட்டம் தொடங்கும். காட்டிய டாக்டர்கள் எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்: உயிருக்கு ஒன்றும் இல்லை, இப்படியேதான் இருக்கும். பள்ளிக்கூடத்தில் 'கிடுகிடு' என்று பெயர் வைத்தார்கள். விடை தெரியும், ஆனால் எழுதிய தாள் கோழி கிளறிய குப்பை மாதிரி இருக்கும். வாத்தியார் அதைத் தூரத்தில் பிடித்துப் பார்ப்பார், கிட்டத்தில் பிடித்துப் பார்ப்பார், பிறகு பெருமூச்சு விட்டு முட்டை போடுவார்.

வளர்ந்த பிறகு வங்கியில் கணக்குத் திறக்கப் போனான். ஒவ்வொரு தடவை போட்ட கையெழுத்தும் ஒவ்வொரு ஆள் போட்ட மாதிரி இருந்தது. அங்கிருந்தவர் நல்ல மனுஷர். குரலைத் தாழ்த்திக்கொண்டு, "பெருவிரலை வச்சிடுங்களேன், உங்களுக்கும் சுலபம்" என்றார். தடித்தடி புத்தகங்களை எல்லாம் படித்து முடிக்கிறவன் மைப்பெட்டியில் விரலை அழுத்தினான். வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டு, கல்லில் தேய்த்து, மறுபடி சோப்புப் போட்டுக் கழுவினான். மை போன பிறகும் கழுவிக்கொண்டே இருந்தான். அதன் பிறகு எங்கே போனாலும் அவனுக்கு விரல் ரேகைதான்.

அக்கா தையல்காரி. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். வீட்டின் முன்னறைதான் அவளுடைய கடை. அளவு விஷயத்தில் அவளிடம் 'கொஞ்சம்', 'ஏறக்குறைய' என்ற பேச்செல்லாம் எடுபடாது. நூல் பிசகினாலும் பிரித்துவிட்டு மறுபடி தைப்பாள். அதனால் ஊசியில் நூல் கோக்கிற வேலையைக்கூடத் தம்பியிடம் கொடுத்ததில்லை. ஒரு நாள் இரண்டு கையிலும் துணியை இழுத்துப் பிடித்திருந்தபோது, வேறு வழியில்லாமல், "டேய், அந்த அயர்ன் பெட்டியை எடுத்து இந்த மடிப்பு மேல வை" என்றாள்.

அவன் எடுத்தான். வைத்தான். பெட்டி ஆடவே இல்லை.

"இன்னொரு தடவை தூக்கு."

தூக்கினான். அது பழைய காலத்துக் கனமான பெட்டி. அந்தக் கனம் கையில் ஏறியதும், நாய்க்குட்டியின் தலையில் கை வைத்த மாதிரி நடுக்கம் அடங்கிவிட்டது. அக்கா பெரிய வெட்டுக் கத்தரியை நீட்டினாள், ஆடவில்லை. சின்னக் கத்தரியை நீட்டினாள்; ஆடியது. ஊசியை நீட்டினாள், பேயாட்டம்.

"உனக்கு வெயிட்டு பத்தலைடா," என்றாள் அக்கா, சட்டையின் அளவு சரியில்லை என்று சொல்வது போல.

அன்றிலிருந்துதான் அவன் மின்சாரச் சாமான்களை உள்ளே வைத்து மூடுகிற தகட்டுப் பெட்டி செய்ய ஆரம்பித்தான். சர்க்யூட் பற்றியெல்லாம் அவனுக்கு ஏற்கெனவே தெரியும்; புத்தகம் வைத்துப் படித்திருந்தான். ஈயத்தை உருக்கி ஒட்டுகிற சால்டரிங் மட்டும் அவன் கைக்கு வசப்படவில்லை. அது இறகு கனம்கூட இல்லாத வேலை. பெட்டி அப்படியில்லை. பெட்டிக்கு வேண்டியது எல்லாம் இரும்பு: இறுக்கிப் பிடிக்கிற வைஸ், டிரில், அரம். தையல் மேசை விளக்குக்கு சுவிட்ச் வைத்து அவன் செய்த முதல் பெட்டி ஒரு பிஸ்கட் டப்பா. அதன் ஓட்டைகளைப் பார்த்து, "எலி கடிச்சதா?" என்று கேட்டாள் அக்கா. அடுத்தது அவ்வளவு மோசமில்லை. அதற்கும் அடுத்ததை வாசலில் வைத்துப் போகிற வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினாள்.

பழைய கதவின் தாழ்ப்பாள் கம்பியைக் கழற்றி, ஒரு முனையைச் சாணை பிடித்துக் கூராக்கி, அதைக் கோடு கீறும் கருவியாக வைத்துக்கொண்டான். உள்ளங்கை நிறைய இரும்பு. தகட்டின் மேல் ஸ்கேலை இறுக்கிவிட்டு, தாழ்ப்பாளால் குறுக்கே ஒரு கோடு, நெடுக்கே ஒரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்கிற இடத்தில்தான் துளை வர வேண்டும். மற்றவர்கள் கண்ணை இடுக்கிக்கொண்டு அந்தப் புள்ளியைத் தேடுவார்கள். இவன், துளைக்குக் குறி அடிக்கிற பஞ்ச்சின் முனையைக் கோட்டின் மேல் வைத்து லேசாக விடுவான். நடுங்குகிற முனை அங்கும் இங்கும் தடவிக்கொண்டே போய், இரண்டு பள்ளமும் சேரும் இடத்தில் டக்கென்று உட்கார்ந்துவிடும். அப்போது ஒரு தட்டு. நடுக்கம் அவனுக்கு வேலை செய்து கொடுத்த ஒரே இடம் அது.

தாழ்ப்பாள் போன கதவைப் பார்த்து மாமாவுக்குத்தான் கோபம். அம்மா, அப்பா போன பிறகு வீட்டுக்குப் பெரியவர் அவர். "இன்னிக்குத் தாழ்ப்பாள், நாளைக்குக் கதவு. ஒரு நாள் வந்து பார்த்தா வீடே இருக்காது" என்றார். அவருக்கும் தம்பி மேல் பாசம்தான். சரக்கு அடுக்கி வைக்கிற ஒரு கிட்டங்கியில் பேசி, வாசலில் உட்கார்ந்து லாரி வரும்போது கேட்டைத் திறந்துவிடும் வேலையை அவனுக்காகப் பிடித்து வைத்திருந்தார். வெயில் படாத இடம், பேனா பிடிக்க வேண்டாம், எதையும் எடுக்க வேண்டாம். உட்கார நீல நாற்காலிகூட அவரே வாங்கிப் போட்டுவிட்டார்.

"ஏப்ரல் ஒண்ணாந்தேதி வந்து உட்காரணும். அதுக்கு மேல அவங்க காத்திருக்க மாட்டாங்க. கையை வச்சுக்கிட்டு வேற எங்கடா போவே?"

மாமா சொன்னதில் தப்பு என்று அக்காவால் எதையும் சுட்டிக்காட்ட முடியவில்லை. நாற்காலி நல்ல நாற்காலிதான். ஆனால் அதில் தம்பி சாயங்காலம்வரை சும்மா உட்கார்ந்திருப்பதை நினைத்தபோது, தைக்காமல் மூலையில் போட்டு வைத்த நல்ல துணி ஒன்று அவள் நினைவுக்கு வந்தது.

அந்த மார்ச் மாதத்தில்தான் கடைக்காரம்மா வந்தாள். பக்கத்துத் தெருவில் ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் ரிப்பேர் செய்கிற கடை அவளுடையது. அக்கா வயதுதான் இருக்கும். ஒரு கோட்டின் தோள்பட்டையைக் குறைத்துத் தைக்கக் கொடுத்தவள், தையல் மேசை மேல் இருந்த சுவிட்ச் பெட்டியைக் குனிந்து பார்த்தாள்.

"யாரு போட்ட ஓட்டை இது?"

குரலைக் கேட்டு, குற்றம் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள் அக்கா. "வீட்டுக்குன்னு சும்மா போட்டது. உங்க கோட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை."

"கோட்டை விடுங்க. ஆளைக் கூப்பிடுங்க."

தம்பி வந்தான். கடைக்காரம்மா அவன் கையைப் பார்த்தாள். அது ஆடுவதையும் பார்த்தாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. தன்னிடம் ஒரு பாட்டு டீச்சருக்கான ஆம்ப் பாதி வேலையில் நிற்கிறது, உள்ளே எல்லாம் தயார், முகத்தகடுதான் இல்லை என்றாள். ஒரு முகத்தில் மட்டும் மயிரிழை மாதிரி கோடு ஓடவிட்ட பாலிஷ் அலுமினியத் தகடு. ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது. மீட்டருக்குப் பெரிய வட்டம், நான்கு கன்ட்ரோல், ஒரு சுவிட்ச், ஒரு சிவப்பு விளக்கு. எல்லாத் துளையும் ஒரே கோட்டில் வர வேண்டும்.

"எனக்குச் சால்டரிங் வரும், பொறுமை வராது. போன தடவை நானே போட்டேன், திருகுற நாப் எல்லாம் படிக்கட்டு ஏறுற மாதிரி வந்துச்சு. நீ போட்டுக் கொடு. சரியா வந்தா பின்பக்கத்து மேசை உனக்கு. இனிமே வர்ற பெட்டி எல்லாம் உனக்கு. சரியா வரலைன்னா உனக்கும் எனக்கும் சண்டை இல்லை, அவ்வளவுதான்."

அன்று சாயங்காலமே தகட்டையும் துளைகளின் இடம் வரைந்த தாளையும் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் போன பிறகு தம்பி அந்தத் தகட்டை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தான். பாலிஷ் கோடுகள் தண்ணீர் மாதிரி ஓடின. மேலே ஒரு கீறல் விழுந்தாலும் போச்சு.

அந்தப் பயம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். பாலிஷ் முகத்தைக் காப்பாற்ற அதன் மேல் தடித்த டேப்பை ஒட்டினான். அந்த முகம் கீழே, பலகையின் மேல் படும்படி தகட்டைக் கவிழ்த்து இறுக்கினான். கடைக்காரம்மா வரைந்து கொடுத்த தாளை மேலே இருந்த பின்முகத்தில் பசை தடவி ஒட்டினான். தாளோடு சேர்த்து தாழ்ப்பாளால் கோடுகளை ஆழமாகக் கீறினான். பஞ்ச் அடித்தான். ஒவ்வொரு புள்ளியிலும் முதலில் டிரில்லின் சின்ன பிட். அடியில் மரக்கட்டை இருந்ததால் மெல்லிய தகடு துள்ளவில்லை. பிறகு படிப்படியாக அகலமாகும் கூம்பு பிட். மீட்டர் வட்டத்துக்கு ரம்ப வளையம். அதைக் கீழே இறக்கும்போது மூச்சையே அடக்கிக்கொண்டான். கடைசியில் அரத்தால் பிசிறு எடுத்தான். அக்கா மெஷினை நிறுத்திவிட்டு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரே சீரான சத்தம். நல்ல மெஷினில் நேர்த்தையல் ஓடுகிற மாதிரி இருந்தது.

பிறகு தாளை உரித்தான். டேப்பை உரித்தான். தகட்டைத் திருப்பி, பாலிஷ் முகத்தைத் தன் பக்கம் வைத்தான். அப்படியே நின்றுவிட்டான்.

"என்னடா?"

இடது ஓரத்தில் இருக்க வேண்டிய மீட்டர் வட்டம் வலது ஓரத்தில் இருந்தது. வலது ஓரத்தில் இருக்க வேண்டிய சுவிட்ச் இடது ஓரத்தில் இருந்தது. முன்பக்கத்துக்கு வரைந்த தாளைப் பின்பக்கத்தில் ஒட்டியிருந்தான். எல்லாம் இடம் வலமாக மாறிப்போய் உட்கார்ந்திருந்தது.

அக்காவுக்கு முதலில் தோன்றியது ஒன்றுதான்: கை. பாவம், கை ஏமாற்றிவிட்டது. அவள் வாயைத் திறப்பதற்குள் தம்பி தகட்டைப் பழைய துணியில் சுற்றிவிட்டான்.

"நாளைக்குப் போய்க் கொடுத்துட்டு வந்துடறேன். மாமாகிட்ட ஒண்ணாந்தேதி வர்றேன்னு சொல்லிடு."

"நானும் வர்றேன்."

"வா. ஆனா அங்க என் கையைப் பத்திப் பேசக் கூடாது."

"நான் ஏன்டா பேசப் போறேன்?" என்றாள் அக்கா. பேசத்தான் போகிறாள் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் கடைக்காரம்மா துணியைப் பிரித்து, தகட்டை எடுத்து, முதலில் மீட்டரை அதன் வட்டத்தில் வைத்தாள். 'ணக்' என்று போய் உட்கார்ந்தது. கன்ட்ரோல்களை ஒவ்வொன்றாகச் செருகினாள். ஒன்றும் இறுகவில்லை, ஒன்றும் ஆடவில்லை. ஸ்கேலை வைத்துப் பார்த்தாள்; நான்கும் ஒரே கோடு. தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு தகட்டை ஆம்ப் முன்னால் பிடித்துப் பார்த்தாள். 

"ஏன் தம்பி, டீச்சர் இந்த ஆம்பைக் கண்ணாடியில பார்த்துக்கிட்டுதான் பாடணுமா?"

தம்பி தலை குனிந்தான்.

"அது வந்தும்மா," என்று அக்கா ஆரம்பித்துவிட்டாள், "அவன் கை சின்ன வயசுலேர்ந்தே..."

"அக்கா!"

"கைக்கு இதுல என்னக்கா வேலை?" என்றாள் கடைக்காரம்மா. "சொன்ன இடத்துல அச்சா போட்டிருக்கு. இடத்தைச் சொன்னதுதான் தப்பு. இது தலை பண்ணின தப்பு. தாளைப் பின்பக்கம் ஒட்டினியா?"

"ஆமாம்."

"பாலிஷ் போயிடும்னு பயந்து?"

"ஆமாம்."

"அதோ, அதைப் பாருங்க." மேசையின் மூலையில் ஸ்க்ரூ டிரைவர்கள் வரிசையாகத் துளைகளில் நின்றிருந்த ஒரு தகட்டைக் காட்டினாள். "அது என்னன்னு நினைச்சீங்க? நான் போட்ட முகத்தகடு. இதே பயம், இதே தப்பு. கோவத்துல மடக்கி ஸ்டாண்டு ஆக்கிட்டேன். தலைன்னு ஒண்ணு இருந்தா இந்தத் தப்பு வந்தே தீரும், தம்பி."

அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தாள். முப்பது வயதுவரை அவன் கொட்டியது, உடைத்தது, கிழித்தது எல்லாம் கையின் கணக்கில்தான் ஏறியிருந்தன. முதல் தடவையாக ஒருத்தி அவனைப் பார்த்து, உன் தலைதான் தப்பு என்று சொல்கிறாள். அவன் முகம் மெல்ல மலர்ந்துகொண்டு வந்தது. திட்டு வாங்கிப் பூரித்துப்போன ஆளை அக்கா அதற்கு முன் பார்த்ததில்லை.

"அது சரி, சனிக்கிழமை டீச்சர் வந்து நிப்பாங்களே," என்றாள் கடைக்காரம்மா. "இன்னொரு தகட்டுக்கு நான் எங்க போறது?"

அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. "துணியா இருந்தா ஒரு பேச்சு. தொழில் பழகும்போது ஒரு சட்டைக்கு ரெண்டு கையையும் இடது கையாவே வெட்டிட்டேன். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி துணி, ஒண்ணைத் திருப்பிப் போட்டுத் தைச்சேன், ஒருத்தரும் கண்டுபிடிக்கலை. தகட்டை வச்சுக்கிட்டு என்ன பண்ண முடியும்?"

கடைக்காரம்மா அவளைப் பார்த்தாள். பிறகு தம்பியைப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே தகட்டைத் திருப்பிப் பிடித்திருந்தான். மீட்டர் வட்டம் இடது ஓரத்துக்கு வந்துவிட்டது. மூலைத் திருகாணித் துளைகள் எந்தப் பக்கம் போட்டாலும் பொருந்துகிறவை.

"பின்முகம் முழுக்கக் கோடு," என்றான். "ஆழமா கீறியிருக்கேன்."

"கீறினவன் யாரு?"

"நான்தான்."

"அப்போ நீயே அழி. அந்த மயிரிழைக் கோடு இந்த முகத்துலயும் ஓடணும். டீச்சருக்கு வித்தியாசம் தெரியக் கூடாது. தெரிஞ்சா மேசை கிடையாது, இப்பவே சொல்லிட்டேன்."

உப்புத்தாளைக் கையில் பிடித்துத் தேய்த்தால் ஆட்டம் அதிலேயே பதிந்துவிடும். கோடுகள் புழு நெளிந்த மாதிரி வரும். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் இதையே யோசித்துக்கொண்டு வந்தவன், நேரே அக்காவின் பரணுக்கு ஏறினான். கம்பி எரிந்துபோய்க் கிடந்த அந்தப் பழைய அயர்ன் பெட்டியை இறக்கினான். அதன் அடியில் உப்புத்தாளை இழுத்துக் கட்டினான். தகட்டை ஒட்டி அடிப்பலகையில் ஒரு நேரான கட்டையை ஆணி அடித்து, பெட்டியை அதன் மேல் சாய்த்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே இழுப்பு. தூக்கி வைத்து மறுபடி ஒரே இழுப்பு. சொரசொரப்பான தாளில் தொடங்கி நைசான தாள்வரை. குறுக்கும் நெடுக்குமாகக் கீறியிருந்த கோடுகள் மெலிந்து, மங்கி, காணாமல் போயின. அவற்றின் மேல் மயிரிழைகள் ஒரே திசையில் ஓடத் தொடங்கின.

"மடிப்பு விழாம தேய்டா," என்றாள் அக்கா மெஷினிலிருந்து.

"வாடிக்கையாளர் ஒழுங்கா சும்மா இருந்தா விழாது," என்றான் அவன்.

அவன் கிண்டல் பேசி எவ்வளவு நாளாயிற்று என்று நினைத்துக்கொண்டே அக்கா நூல் மாட்டினாள்.

மாமாவின் நீல நாற்காலி இப்போது அக்காவின் கடையில் கிடக்கிறது. அளவு கொடுக்க வருகிறவர்கள் உட்காருகிறார்கள். மாமாவே வந்தால்கூட அதில்தான் உட்காருகிறார். நல்ல நாற்காலி என்று தானே சொல்லிக்கொள்கிறார். பாட்டு டீச்சர் வந்து ஆம்பை வாங்கிக்கொண்டு போனார். தகட்டைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லை. அதைவிடப் பெரிய பாராட்டு அக்காவின் தொழிலிலும் கிடையாது.

ஆனால் அதற்கெல்லாம் முன்பு, தேய்த்து முடித்த தகட்டைத் தம்பியும் அக்காவும் கடைக்குக் கொண்டுபோன நாள் ஒன்று உண்டு. கடைக்காரம்மா அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள், விரலால் தடவினாள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். பிறகு இழுப்பறைச் சாவியை எடுத்து மேசை மேல் வைத்தாள். அவன் அதை எடுக்கப் போனான். அவள் அதன் மேல் கையை வைத்தாள்.

"ஒண்ணு பாக்கி இருக்கு. இந்தக் கடையில பெட்டி பண்றவங்க பேரும் தேதியும் தகட்டோட உள்பக்கத்துல இருக்கணும். நாளைக்குத் திறக்கிறவனுக்கு யாரைத் திட்டணும்னு தெரிய வேண்டாமா? கையெழுத்துப் போடு."

தம்பியின் முகம் சுருங்கியது. "எனக்குக் கையெழுத்து வராது. பேனா பிடிச்சா ஆடும். விரல் வைக்கட்டுமா?"

"பேனாவை யாரு கேட்டா? தகட்டுல பேனா எழுதுமா?"

அக்காவுக்கு நாக்கு நுனிவரை பேச்சு வந்தது. விழுங்கினாள். அவனுக்குப் பதிலாகத் தானே எழுதிவிடலாம் என்று துறுதுறுத்த கையை மடியில் அழுத்திக்கொண்டாள்.

தம்பி பையிலிருந்து தாழ்ப்பாளை எடுத்தான். தகட்டைக் கவிழ்த்தான். இப்போது உள்பக்கம் எது? எந்தப் பாலிஷைக் காப்பாற்றப் பாடுபட்டானோ, அதே முகம். இனி அது பெட்டிக்குள் இருட்டில்தான் இருக்கும். அந்தப் பளபளப்பின் மேல் கனமான முனையை ஊன்றி, முதல் எழுத்தை இழுத்தான். வளைவு வளைவாகவே வந்தது. இரண்டாவது எழுத்து. மூன்றாவது. அவசரப்படவில்லை. வங்கியில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொருவனாக இருந்தவன் இங்கே ஒரே ஆளாக, எழுத்துக்கு எழுத்து தெரிந்துகொண்டு வந்தான்.

கடைசி எழுத்துக்கு மேலே புள்ளி வைக்க வேண்டும். அவன் தாழ்ப்பாளைக் கீழே வைத்துவிட்டுப் பஞ்ச்சை எடுத்தான். முனை கொஞ்சம் தயங்கியது, தடவியது, தனக்கான இடத்தில் நின்றது. சுத்தியலால் ஒரு தட்டு. அக்காவின் கண்ணில் அந்தப் புள்ளி நூல் பிசகாமல் இருந்தது.

பிறகு பெயருக்குக் கீழே தேதியையும் கீறினான்: 17 மார்ச் 2016, வியாழக்கிழமை.